பதினோரு கடை முட்டை

முட்டையின் மேல் பென்சிலால் எண் போடும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். இடது உள்ளங்கையில் முட்டையைப் பொத்தி, வலது கையால் அழுத்தாமல் ஒரு எண்ணை எழுதி, சமையலறைத் தராசில் வைத்து, எடையை லேப்டாப்பில் தட்டிவிட்டு, அட்டைத் தட்டில் அதற்கென்று இருக்கும் குழியில் இறக்குவாள். அப்புறம்தான் மூச்சு விடுவாள். பதினோரு முட்டைக்கும் இதே பாடு. அது முடிகிறவரை அடுப்பங்கரைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, வைத்தால் தராசு ஆடுகிறதாம். என் வீட்டு அடுப்பங்கரைக்கு நானே வாசலில் நின்று அனுமதி கேட்பது இப்படித்தான் வழக்கமாயிற்று.

இவள் என் அக்கா மகள். பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்பதால், சேர்ந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். நல்ல உயரம், அந்த உயரத்துக்குப் போதாத சதை. மூக்குக் கண்ணாடி எப்போதும் மூக்கின் பாதி வழியில் நிற்கும், அதை விரலால் தள்ளிவிடாமல் மூக்கைச் சுருக்கி மேலே ஏற்றுவாள். துணிப்பை ஒன்றுக்குள் அட்டைத் தட்டை வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தெருவில் வருவதைப் பார்க்கிறவர்கள் கைக்குழந்தை என்று நினைத்து வழி விடுவார்கள். என் வீட்டுக்காரர் அவளை 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார். கடைத்தெருவில் அவளுக்கு வேறு பெயர். 'முட்டைப் பொண்ணு.'

ஒரு நாள் விட்டு ஒரு நாள், கல்லூரி விட்டதும், எங்களைச் சுற்றியுள்ள நாலு தெருவில் முட்டை விற்கிற பதினோரு கடைக்கும் போவாள். ஒவ்வொன்றிலும் விலை கேட்பாள், ஒரே ஒரு முட்டை வாங்குவாள். பேக்கரி, இறைச்சிக் கடை, செல்போனுக்குப் பணம் போடுகிற கடை, ஆணியும் பெயின்டும் விற்கிற கடை, அங்கே எதற்கு முட்டை என்று யாருக்கும் தெரியாது. வெறுமனே விலை கேட்டுவிட்டு வந்தால் போதாதா என்று ஆரம்பத்தில் கேட்டேன். "வாங்காதவங்களுக்குச் சொல்ற விலை வேற, வாங்கறவங்களுக்குச் சொல்ற விலை வேற சித்தி" என்றாள். எடை எதற்கு? "எல்லாம் ஒரே முட்டைதான்னு நிரூபிக்கணும்ல." எண் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் வந்திருக்கும்.

ஆக, மாதத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் முட்டைதான். அவித்து, பொரித்து, உடைத்து ஊற்றி, அடித்துக் கலக்கி என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துபோனது. என் வீட்டுக்காரர் காலையில் தட்டைப் பார்த்ததும், "இன்னிக்கு நான் எந்தக் கடையைச் சாப்பிடறேன்?" என்பார். "மூணும் ஒன்பதும் சித்தப்பா" என்பாள் அவள், தலை நிமிராமல். ஒன்பதாம் கடை முட்டையில் மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்று அவர் ஒருமுறை வாய்தவறிச் சொன்னது தப்பாகப்போயிற்று. ஒரு வாரம் அவருக்கு எண் தெரியாமல் கொடுத்துச் சோதித்தாள். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. "ஊர்ல பிள்ளைங்க பரீட்சையிலதான் முட்டை வாங்கும். நம்ம பிள்ளை கடை கடையாப் போய் வாங்கிட்டு வருது" என்று அவர் பக்கத்து வீட்டில் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் கேள்வி இதுதான். "ஒரே பண்ணை முட்டை, ஒரே வண்டியில வந்து இறங்குது. அப்புறம் ஏன் சித்தி பதினோரு கடையில பதினோரு விலை?" கடைக்காரன் மனசு அப்படி என்றேன். "மனசை எப்படி அளக்கறது?" என்று கேட்டாள், நிஜமாகவே அதற்கு ஒரு வழி இருந்தால் தெரிந்துகொள்கிற ஆசையோடு. அவளிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு முட்டைக்காக யாரும் நாலு தெரு நடந்து விலை விசாரிப்பதில்லை, கடைக்காரர்களும் கல்லாவை விட்டு எழுந்துபோய் மற்ற கடையை எட்டிப் பார்ப்பதில்லை. ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாது, அதனால் அவரவர் விலை அவரவரோடு நிற்கிறது. "விசாரிக்கிற அலுப்புக்கும் ஒரு விலை இருக்கு சித்தி. மத்ததெல்லாம் மாறாம இருந்தா, அந்த அலுப்பு மட்டும்தான் இந்த வித்தியாசம்."

'மத்ததெல்லாம் மாறாம இருந்தா' என்பது அவள் வாயில் ஊறிப்போன சொல். எத்தனை மணிக்கு வருவாய் என்றால், "மத்ததெல்லாம் மாறாம இருந்தா அஞ்சு மணி" என்பாள். குழம்புக்கு உப்புப் போதுமா என்றால், "மத்ததெல்லாம் மாறாம இருந்தா இன்னும் கொஞ்சம் போடலாம்" என்பாள்.

அவள் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்புகள் தயாராகவே இருக்கும். பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும். அந்தத் தலைப்பில் போன வருஷத்து அண்ணனோ அக்காவோ எழுதியது பைண்டிங் கடையில் கிடைக்கும், ஆண்டை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. இவள் பட்டியலைத் தொடவில்லை. "இது என் கேள்வி சித்தி. புஸ்தகத்துல இருந்து எடுத்ததில்ல, எனக்கே தோணினது" என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் சம்பளம் வாங்கினவள் மாதிரி இருந்தாள். அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியையை எல்லாரும் மேடம் என்பார்கள். மேடம் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பருவ முடிவுக்குள் உருப்படியாக ஒன்றும் தேறாவிட்டால், சொந்தக் கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து எழுத வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பட்டியல் என்றாலே பயம்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடுவாள், அதுவும் சரியான பதிலை. கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் அதைத் தரையில் விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. மாடிவீட்டு அம்மாள் ஆசையாக, "என்னைப் பார்த்தா எத்தனை வயசு சொல்லுவ?" என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் பத்திரிகைக்கு எழுதுகிறதைப் படிக்கக் கொடுத்தால், "மூணாவது பத்தி இல்லாமலே நல்லா இருக்கும் சித்தி" என்று கொடுத்துவிட்டுப் போவாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அப்புறம் மூன்றாவது பத்தியை எடுத்துவிடுவேன்.

கடைக்காரர்களுக்கு முதலில் அவள்மேல் சந்தேகம் இருந்தது. வரி ஆபீஸிலிருந்து அனுப்பிய ஆள் என்று இறைச்சிக் கடைக்காரர் ஒரு கதை கட்டிவிட்டார். வரி ஆபீஸ் ஒற்றை முட்டை வாங்காது என்று பேக்கரிக்காரர்தான் நியாயம் பேசி முடித்துவைத்தார். பிறகு பழகிவிட்டது. அவள் வருகிற நாளில் முட்டைப் பொண்ணைக் காணோமே என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டது. அவளை வெறும் கையோடு அனுப்பமாட்டார்கள், ஒரு வார்த்தை பேசி, ஒரு கேள்வி கேட்டுத்தான் அனுப்புவார்கள்.

பருவத்தின் நடுவில் அவள் கிராஃபில் ஒரு அதிசயம் நடந்தது. பதினோரு கடைக்குப் பதினோரு கோடு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஆரம்பத்தில் ஆளுக்கொரு உயரத்தில் நின்ற கோடுகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று பார்த்து நெருங்கின. விலை அதிகமாக விற்ற கடைகள் இறங்கி வந்தன, குறைத்து விற்ற கடைகள் ஏறி வந்தன. அதிலும் எட்டாம் எண் கடை, எல்லாருக்கும் கீழே தனியாகக் கிடந்தது, குதித்து எழுந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். "பாருங்க சித்தி, சேருது!" என்று கத்தினாள். எனக்குக் கோடு புரியவில்லை, சந்தோஷம் புரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து குதித்தோம்.

எட்டாம் கடை விவகாரத்தில் எனக்குச் சொந்த வருத்தம் ஒன்று உண்டு. அது எங்கள் தெருவுக்குப் பின்னால், ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்கடை. ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும், எழுந்தால் படிக்கட்டு தலையில் இடிக்கும். அதை நடத்துகிறவரைப் படிக்கட்டு அக்கா என்போம். மாற்றி உட்கார வேறு ஆள் கிடையாது, கடையைப் பூட்டினால்தான் வெளியே போகலாம். வருஷக்கணக்காக நான் முட்டை வாங்குவது அங்கேதான், காரணம் அங்கேதான் மலிவு. திடீரென்று ஒரு நாள் ஏற்றிவிட்டார். "இத்தனை நாளா நான் தர்மத்துக்கு வித்துட்டு இருந்திருக்கேன், இப்பத்தான் தெரிஞ்சுது" என்று சிரித்தார். அந்த தர்மத்தில் வளர்ந்தவள் நான். சிரிக்க முடியவில்லை.

கோடுகள் சேர்ந்ததற்கு அவள் ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். பஸ் நிறுத்தத்தில் புதிதாக ஒரு பெரிய கடை திறந்து, வாசலில் ஆள் உயரத்துக்கு விலைப்பலகை வைத்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற எல்லார் கண்ணிலும் அது படும். விசாரிக்கிற அலுப்பே இல்லாமல் விலை தெரிந்துவிடுகிறது, அதனால் மற்ற கடைகளும் வழிக்கு வந்துவிட்டன. "ஒரு பலகை போதும் சித்தி, நாலு தெருவும் திருந்திடும்" என்றாள். மேடமும் முதல் வரைவைப் பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். பட்டியல் பயம் போயே போய்விட்டது. அந்த வாரம் முட்டைக்கு எண் போடும்போது பாட்டுக்கூடப் பாடினாள். பாட்டுச் சுமார்தான், கேட்டால் அவளே சொல்வாள்.

அந்தச் சமயம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கால் வலியைவிட கடைக்குப் போக முடியாத வலிதான் அவளுக்குப் பெரிசாக இருந்தது. கடைசியில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் பையை வாங்கிக்கொண்டான். அவனை வகுப்பில் மௌனி என்பார்கள். காரணப் பெயர்தான். 'வா' என்றால் புருவம் தூக்குவான், 'போதுமா' என்றால் புருவம் இறக்குவான், அதோடு அவன் பேச்சு முடிந்தது. என் வீட்டுக்கு இரண்டு வாரம் வந்துபோனான். அவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. எல்லாக் கடைக்கும் ஒழுங்காகப் போனான், எழுதினான், ஒரு முட்டையைக்கூட உடைக்கவில்லை.

கால் சரியாகி அவள் உட்கார்ந்து அந்த இரண்டு வாரத்துக் கணக்கைக் கிராஃபில் ஏற்றியபோது, சாப்பாட்டு மேஜையில் மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். சேர்ந்திருந்த கோடுகளெல்லாம் மறுபடி பிரிந்து போயிருந்தன. பஸ் நிறுத்தத்துப் பலகை நின்ற இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது, கோடுகள் மட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு மௌனிமேல் சந்தேகம். வரச்சொன்னாள். அவன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"உண்மையாச் சொல்லு. கடைக்குப் போனியா, இல்ல வீட்லயே உட்கார்ந்து எழுதினியா?"

"போனேன்" என்றான். நல்ல கனமான குரல்.

"விலை கேட்டியா?"

"கேட்டேன். சொன்னாங்க. எழுதினேன். வந்தேன்."

"அவ்வளவுதானா? அவங்க உன்கிட்ட ஒண்ணுமே கேக்கலையா?"

"கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"'அந்தக் கடையில எவ்வளவு, இந்தக் கடையில எவ்வளவு'ன்னு. எல்லாருமே கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

மௌனி புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்கினான்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மூக்கைச் சுருக்காமல் கண்ணாடியைக் கையால் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான். "என்கிட்டயும் கேப்பாங்க" என்றாள் மெதுவாக. "நான் சொல்லுவேன்." சொல்லாமல் எப்படி இருப்பாள்? பேக்கரியில் கேட்டால் இறைச்சிக் கடை விலையைச் சொல்லியிருப்பாள், இறைச்சிக் கடையில் கேட்டால் பேக்கரி விலையை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பதினோரு கடைக்கும், காசு பிசகாமல், சுத்தமான தகவல். "மத்ததெல்லாம் மாறாம இருந்தான்னு எழுதி வச்சிருக்கேன் சித்தி. மாத்தினதே நான்தான்."

என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்ததும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "பலகை பஸ் ஸ்டாப்ல இல்ல, நம்ம வீட்ல குடியிருக்கு" என்றார். அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தார். "இதுக்குப் போய் ஏன்மா கவலைப்படற? உனக்குக் கால் சரியில்ல, அந்த ரெண்டு வாரம் போகலைன்னு விட்டுடேன். மீதி எல்லாம் நல்லாத்தானே இருக்கு? மேடமும் சரின்னுட்டாங்க."

"அந்த ரெண்டு வாரம்தான் சித்தப்பா கடைத்தெரு. மீதி மாசமெல்லாம் நான்."

அன்றைக்கு அவள் சாப்பிட உட்கார்ந்தாள், தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள், எழுந்துபோனாள். பருவம் முடிய அதிக நாள் இல்லை. மேடம் பட்டியலை நீட்டிவிட்டால் அவளுடைய கேள்வி அவ்வளவுதான். அவளை நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மேடத்திடம் போய், இரண்டு வாரத்துக் கோடுகளையும் சேர்த்து மேஜைமேல் விரித்து, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு கிராஃபைக் கோடு கோடாகப் பார்த்தாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "இனிமே உன்னால வாயை மூடிக்கிட்டு விலை கேக்க முடியுமா?" இவள் பழக்கதோஷத்தில் உண்மையையே சொன்னாளாம். "கஷ்டம் மேடம்."

ஏற்பாடு இப்படி முடிவாயிற்று. பருவம் முடிகிறவரை அவள் மறுபடி எல்லாக் கடைக்கும் போக வேண்டும், ஆனால் ஒரு கடை விலையை இன்னொரு கடையில் மூச்சு விடக் கூடாது. கோடுகள் பிரிந்தால், சேர்த்து வைத்தது அவள் வாய்தான் என்பது நிரூபணம். அதுவே ஆய்வு, பழைய பலகைக் கதை வேண்டாம். மௌனியை அனுப்பினால் ஆகாதா என்றேன். ஆள் மாறினால் ஆள் மாறியதால் வந்ததா, வாய் மூடியதால் வந்ததா என்று தெரியாதாம். ஏதாவது ஒரு கடையில் சொல்லிவிட்டால் அந்தக் கடையைத் தாளில் அப்போதே அடித்துவிட வேண்டும், கணக்கில் சேர்க்கக் கூடாது. "கடையே கம்மி, ஒண்ணையும் விட்டுடாதே" என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "எட்டாம் கடையை விட்டுடவே விட்டுடாதே. அதுதான் இருக்கறதிலேயே அதிகமா ஆடின கோடு. அது போச்சுன்னா உன் ஆய்வு நொண்டும்."

வீட்டில் பயிற்சி தொடங்கியது. என் வீட்டுக்காரர் கடைக்காரராக நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "ஏம்மா, அங்க எவ்வளவு?" என்பார். 'தெரியாது' என்று சொல்லிவிடு என்று அவளுக்கு யோசனை சொன்னேன். "தெரியுமே சித்தி" என்றாள். 'மறந்துபோச்சு' என்பதும் அவள் வாயில் வரவில்லை. கடைசியில் 'சொல்லக் கூடாது' என்பதில் வந்து நின்றோம், அதுதான் உண்மை. அதையும் சொல்லிவிட்டுக் காது மடல் சிவந்து நிற்பாள். ஆனாலும் சமாளித்தாள். முதல் சுற்றிலேயே இறைச்சிக் கடைக்காரர், "ஓஹோ, மேலிடத்து உத்தரவா?" என்று பழைய சந்தேகத்தைத் தூசி தட்டினார். பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயின்ட் கடைக்காரர் ஒரு பென்சிலை இனாமாகக் கொடுத்து ஆசை காட்டிப் பார்த்தார். அவள் பென்சிலை வாங்கவில்லை, விலையைச் சொல்லவும் இல்லை. கிராஃபில் கோடுகள் பிரிய ஆரம்பித்தன. வீட்டில் மறுபடி பாட்டுக் கேட்டது.

போன வாரம் அவளோடு நானும் போனேன். எனக்குச் சோப்பு வாங்க வேண்டியிருந்தது, அவள் கணுக்காலையும் நான் முழுசாக நம்பவில்லை. ஏழு கடை முடித்து எட்டாம் கடைக்கு வந்தோம். படிக்கட்டு அக்கா எங்களைப் பார்த்ததும் பிஸ்கட் ஜாடிகளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வா வா. கால் எப்படி இருக்கு? போன தடவை வந்தப்ப அவசரமா ஓடிட்ட, கேக்கவே முடியல. அங்க எல்லாம் எவ்வளவு?"

"சொல்லக் கூடாதுக்கா" என்றாள் இவள். காது சிவந்துவிட்டது.

"ஏன்? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"ஐயோ, இல்லக்கா. ஆராய்ச்சிக்காக. பருவம் முடியறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அப்படியா? சரி சரி, படிப்பு முக்கியம்." அக்கா நிஜமாகவே கோபப்படவில்லை. கூடையில் கையை விட்டு, இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்து, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். சோப்பை என்னிடம் கொடுத்துக்கொண்டே பொதுவாகப் பேசினார். "வண்டிக்காரன் நாளையிலேருந்து ஏத்தறானாம். நான் எவ்வளவு ஏத்தறதுன்னுதான் தெரியல. ஜாஸ்தி வச்சா இருக்கிற நாலு பேரும் அந்தப் பக்கம் போயிடுவாங்க. கம்மியா வச்சா கையைக் கடிக்கும். எழுந்து போய்ப் பார்க்கலாம்னா கடையை யார் பார்க்கறது? பரவால்ல, முன்னெல்லாம் வச்ச மாதிரி கண்ணை மூடிட்டு ஒண்ணு வைக்க வேண்டியதுதான்." அதற்குள் யாரோ தீப்பெட்டி கேட்க, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கிளம்பிவிட்டேன். நாலு அடி போனபின்தான் அவள் கூட வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் "வா, இன்னும் மூணு கடை இருக்கு" என்றேன். காதில் விழவில்லை. அவள் முகத்தில் எண் போடும்போது வருகிற அந்த நுனி நாக்கு எட்டிப் பார்த்தது. மேடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது, அவளுக்கு வராமல் இருந்திருக்காது. அக்கா அவளை மறுபடி எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு முட்டையை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். வந்திருந்தால், மலிவு முட்டை எனக்குத் திரும்பக் கிடைக்கவும் வழி இருந்தது.

அவள் முட்டையை மெல்லப் பையில் இறக்கினாள். விலை எழுதுகிற தாளை எடுத்து, பிஸ்கட் ஜாடியின் மூடிமேல் விரித்து, கடைப் பெயர்களில் எட்டாவதன் மேல் பென்சிலை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். தாளை மடித்து உள்ளே வைத்தாள். தீப்பெட்டிக்காரர் போகிறவரை காத்திருந்து, படிக்கட்டு தலையில் இடிக்காமல் குனிந்து கல்லாமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "அக்கா, ஒண்ணாவது கடையிலேருந்து சொல்றேன்" என்றாள்.